சுகர், பிரஷர், இதய மாத்திரை: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சுகரும் பிரஷரும் வலிக்காத நோய்கள். தலை வலித்தால்தான் பிரஷர் ஏறியிருக்கிறது, தலை சுற்றினால்தான் சுகர் கூடியிருக்கிறது என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். பிரஷர் 180ஐத் தொட்டிருக்கும்போதும் ஒரு தொந்தரவும் இல்லாமல் நடமாடுகிறவர்கள் உண்டு. "எனக்கு ஒன்றும் செய்யவில்லையே" என்ற சாட்சி இந்த இரண்டு நோய்களிலும் செல்லாது. உடம்பு சொல்வதை எங்கே நம்பலாம், எங்கே அளந்து பார்த்துத்தான் ஆக வேண்டும், கையில் இருக்கும் மாத்திரை எந்த வேலையைச் செய்கிறது என்பதைத்தான் இங்கே ஒவ்வொரு படியாகப் பார்க்கப் போகிறோம். மருத்துவர் எழுதிக் கொடுத்ததை மாற்றிக்கொள்வதற்கு அல்ல. என்ன எழுதியிருக்கிறார், ஏன் எழுதியிருக்கிறார் என்று புரிந்துகொள்வதற்கு.

முதல் படி: அறிகுறிகளைக் கவனிப்பது

ரத்தத்தில் சர்க்கரை கொஞ்சம் ஏறினால் வெளியே ஒன்றும் தெரியாது. சிறுநீரகம் வடிகட்டும் சர்க்கரையை எல்லாம் மறுபடி ரத்தத்துக்கே அனுப்பிவிடும். ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டும்போதுதான் அதற்குச் சமாளிக்க முடியாமல் போய், சர்க்கரை சிறுநீரில் இறங்கத் தொடங்குகிறது. இறங்கும் சர்க்கரை தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. அதனால் அடிக்கடி சிறுநீர் வருகிறது. இரவில் இரண்டு மூன்று முறை எழுந்திருக்க வேண்டியிருக்கிறது. நீர் வெளியேறுவதால் நாக்கு வறண்டு தாகம் எடுக்கிறது. சாப்பிட்டது உடம்பில் ஒட்டாததால் பசி கூடுகிறது, ஆனால் எடை குறைகிறது. சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்ப்பதற்கும் இதுதான் காரணம்.

ஆனால் வெறும் வயிற்றில் 126 என்பதே சர்க்கரை நோயின் எல்லை. 126க்கும் 180க்கும் நடுவில் இருப்பவருக்குத் தாகமும் இருக்காது, எடையும் குறையாது. அப்படியே வருடக்கணக்கில் ஓடலாம். எல்லோருக்கும் தெரிந்த அறிகுறிகள் வரும்வரை காத்திருப்பது தாமதம் என்று சொல்வது இதனால்தான்.

அந்த நடுக்காலத்தில் உடம்பு காட்டும் குறிப்புகள் சில உண்டு, நாம்தான் அவற்றை வேறு கணக்கில் சேர்த்துவிடுகிறோம். கழுத்தின் பின்பக்கமும் அக்குளும் தேய்த்தாலும் போகாத கருப்பாக, கொஞ்சம் தடித்து வெல்வெட் போல ஆவது இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கான அடையாளம். அதை அழுக்கு என்று நினைத்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்கிறார்கள். பிறப்புறுப்பில் அரிப்பும் வெள்ளைப் பூஞ்சையும் திரும்பத் திரும்ப வருவது, கொப்புளம் ஒன்று ஆறினால் இன்னொன்று கிளம்புவது, ஈறு அடிக்கடி வீங்குவது, சின்னக் காயம் வாரக்கணக்கில் ஆறாமல் இருப்பது, இவையெல்லாம் சுகர் பார்க்கச் சொல்லும் குறிப்புகள். வெட்கப்பட்டு பிறப்புறுப்பு அரிப்பை மருத்துவரிடம் சொல்லாமல் விடுபவர்கள் அதிகம். களிம்பு பூசிக்கொண்டே ஒரு வருடத்தை ஓட்டிவிடுவார்கள்.

பார்வை மங்குவதும் உண்டு. சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணின் லென்ஸ் நீர் கோத்து உருவம் மாறுகிறது. புதிதாகச் சிகிச்சை தொடங்கியவர்கள் அந்தச் சமயத்தில் கண்ணாடி மாற்ற ஓட வேண்டாம். சர்க்கரை ஒரு நிலைக்கு வந்து சில வாரங்கள் கழித்துப் பவர் பார்த்தால் போதும். ஆனால் விழித்திரைப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. அது வேறு விஷயம்.

கால்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பாதத்தில் எறும்பு ஊர்வது போலவோ, எரிவது போலவோ, மரத்துப்போனது போலவோ இருந்தால், அதுவும் இரண்டு காலிலும் விரல் நுனியில் தொடங்கி மெல்ல மேலே ஏறினால், நரம்பு பாதிக்கப்படுகிறது என்று அர்த்தம். எரிச்சல் இருக்கும்வரை தெரியும். உணர்ச்சி போய்விட்டால், செருப்புக்குள் கிடக்கும் சிறு கல் நாள் முழுக்கக் குத்தினாலும் தெரியாது. கண்டுபிடிப்பது மாலையில் செருப்பைக் கழற்றும்போது, ரத்தத்தைப் பார்த்துத்தான். அதனால் தினமும் இரவு பாதத்தைப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் தரையில் ஒரு கண்ணாடியை வைத்து அதன் மேல் பாதத்தைக் காட்டுங்கள். விரல் இடுக்குகளைப் பிரித்துப் பாருங்கள். வெந்நீரின் சூட்டைக் காலால் பார்க்காமல் முழங்கையால் பாருங்கள்.

குழந்தைகளிடமும் இளைஞர்களிடமும் வரும் முதல் வகை சர்க்கரை நோய் இப்படி நிதானமாக வராது. நாட்களிலோ சில வாரங்களிலோ வந்துவிடும். படுக்கையை நனைப்பதை நிறுத்திய குழந்தை மறுபடி நனைக்கத் தொடங்கும், தண்ணீர் தண்ணீர் என்று கேட்கும், உடம்பு இளைக்கும். அதோடு வாந்தி, வயிற்று வலி, வேகமான ஆழ்ந்த மூச்சு, வாயில் பழ வாடை என்று சேர்ந்தால் அன்றைக்கே, அந்த மணி நேரத்திலேயே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இரண்டாம் படி: ரத்தப் பரிசோதனை

எட்டு மணி நேரமாவது எதுவும் சாப்பிடாமல் எடுக்கும் பரிசோதனையில் 100க்குக் கீழ் இருந்தால் இயல்பு, 100 முதல் 125 வரை எல்லைக்கோடு, 126 அல்லது அதற்கு மேல் சர்க்கரை நோய். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுப்பதில் 200 எல்லை. ஹெச்பிஏ1சி என்ற மூன்று மாதச் சராசரிப் பரிசோதனையில் 6.5 சதவீதம் எல்லை, 5.7 முதல் 6.4 வரை எச்சரிக்கை. அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு ஒரே ஒரு பரிசோதனையை வைத்து முடிவு செய்யக் கூடாது. இன்னொரு முறை உறுதி செய்ய வேண்டும். தாகமும் எடை இழப்பும் இருப்பவருக்கு எந்த நேரத்தில் எடுத்தாலும் 200 தாண்டியிருந்தால் அதுவே போதும்.

மூன்று மாதச் சராசரி ரத்தச் சிவப்பணுக்களை வைத்துக் கணக்கிடப்படுவது. அவற்றின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். ரத்தசோகை இருந்தாலோ, அண்மையில் ரத்தம் ஏற்றியிருந்தாலோ அந்த எண் ஏமாற்றலாம். இதைப் பரிசோதனைக்கு முன்பே சொல்லிவிடுங்கள். இன்னொன்று: பரிசோதனைக்கு முந்தைய நாள் மட்டும் பத்தியம் இருப்பது யாரையும் ஏமாற்றாது, மூன்று மாதச் சராசரி காட்டிக்கொடுத்துவிடும்.

மூன்றாம் படி: பிரஷரைச் சரியாக அளப்பது

அவசரமாகப் படியேறி வந்து, சட்டைக் கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றி, பேசிக்கொண்டே எடுத்த அளவை வைத்து மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் சரியாகாது. அளப்பதற்கு முன் அரை மணி நேரம் காபி, டீ, புகை வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு வாருங்கள். நாற்காலியில் முதுகைச் சாய்த்து, இரண்டு பாதமும் தரையில் பட, கால்மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். கையை மேசை மேல் வைத்து, பட்டை இதயத்தின் உயரத்துக்கு வருமாறு பாருங்கள். பட்டை வெறும் தோலின் மேல் இருக்க வேண்டும். பருத்த கைக்குச் சின்னப் பட்டை போட்டால் அளவு கூடுதலாகக் காட்டும். பேச வேண்டாம். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுத்து, இரண்டையும் எழுதுங்கள்.

மருத்துவரைப் பார்க்கப் போவதற்கு முந்தைய ஏழு நாள், காலையில் மாத்திரை போடுவதற்கு முன்பும் இரவிலும் இப்படி எடுத்து எழுதிக் கொண்டு போனால், அவர் அறையில் எடுக்கும் ஒற்றை அளவைவிட அது அவருக்குப் பயன்படும். வெள்ளை அங்கியைப் பார்த்தாலே பிரஷர் ஏறுபவர்கள் இருக்கிறார்கள். அதற்கு நேர்மாறாக, அங்கே இயல்பாகவும் வீட்டில் அதிகமாகவும் இருப்பவர்களும் இருக்கிறார்கள். மருத்துவமனையில் 140/90, வீட்டில் 135/85 என்ற எல்லைகளைப் பல வழிகாட்டு நெறிகள் பின்பற்றுகின்றன. சர்க்கரை நோயும் சேர்ந்திருந்தால் 130/80க்குக் கீழ் கொண்டுவரப் பார்ப்பார்கள். உங்களுக்கான இலக்கு என்ன என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வயதானவருக்கும், எழுந்தால் தலைசுற்றுபவருக்கும் அது வேறாக இருக்கலாம்.

நான்காம் படி: மாத்திரை அட்டையைத் திருப்பிப் படிப்பது

அட்டையின் முன்பக்கம் பெரிதாக இருப்பது கம்பெனி வைத்த பெயர். பின்பக்கம் சின்ன எழுத்தில் இருப்பதுதான் மருந்தின் பெயர். இதைப் பழக்கப்படுத்திக்கொண்டால் பாதி குழப்பம் தீரும். இரண்டு மருத்துவர்கள் ஒரே மருந்தை வெவ்வேறு கம்பெனிப் பெயரில் எழுதியிருப்பார்கள். இரண்டையும் சேர்த்து விழுங்கிவிட்டுத் தலைசுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. ஒரே மாத்திரைக்குள் இரண்டு மூன்று மருந்துகள் கலந்திருப்பதும் இப்போது சாதாரணம். அட்டையில் கூட்டல் குறி போட்டுப் பெயர்கள் வரிசையாக இருந்தால் ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதுங்கள்.

மருந்துப் பெயர்களின் வால் அதன் குடும்பத்தைச் சொல்லிவிடும்.

'பிரில்' என்று முடிபவை (எனலாபிரில், ராமிபிரில், பெரிண்டோபிரில்) ரத்தக்குழாயைச் சுருக்கும் ஒரு ஹார்மோன் உருவாவதைத் தடுக்கின்றன. பிரேசில் நாட்டு விரியன் ஒன்றின் விஷத்தை ஆராய்ந்து 1970களில் உருவாக்கிய காப்டோபிரில்தான் இந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளை. இவற்றுக்கு ஒரு தொல்லை உண்டு: வறட்டு இருமல். சளி இல்லாமல், தொண்டை அரித்து, மாதக்கணக்கில் வரும். இருமல் மருந்தால் போகாது. மருத்துவரிடம் சொன்னால் 'சார்டன்' குடும்பத்துக்கு (லோசார்டன், டெல்மிசார்டன், வால்சார்டன்) மாற்றிவிடுவார். உதடோ நாக்கோ முகமோ திடீரென்று வீங்கினால் மட்டும் காத்திருக்கக் கூடாது. அடுத்த மாத்திரையைப் போடாமல் அவசரச் சிகிச்சைக்குப் போங்கள். இந்த இரண்டு குடும்பங்களும் சர்க்கரை நோயாளிகளின் சிறுநீரகத்தைக் காப்பதற்கும் பயன்படுகின்றன, அதனால் பிரஷர் அவ்வளவாக இல்லாதவருக்கும் எழுதியிருக்கலாம். தொடங்கிய ஓரிரு வாரங்களில் ரத்தத்தில் கிரியாட்டினினும் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு) பொட்டாசியமும் பார்க்கச் சொல்வார்கள், அதைத் தவற விடாதீர்கள். கர்ப்பமாக இருப்பவர்களும், கர்ப்பம் தரிக்கத் திட்டமிடுபவர்களும் இவற்றை எடுக்கக் கூடாது. உடனே சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும்.

'டிபின்' என்று முடிபவை (அம்லோடிபின், நிஃபெடிபின், சில்னிடிபின்) ரத்தக்குழாயின் தசையைத் தளர்த்துகின்றன. மாலையில் கணுக்கால் வீங்கி, சாக்ஸ் கழற்றினால் பள்ளம் விழுந்திருக்கும். கிட்னி போய்விட்டதோ என்று பயந்து போகிறவர்கள் அதிகம். பெரும்பாலும் மாத்திரையின் வேலைதான், ஆனால் அதை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். மூச்சு வாங்குவதோடு வீக்கம் வந்தால் அது வேறு கதை.

'லால்' என்று முடிபவை (மெட்டோபிரோலால், பிசோபிரோலால், அட்டெனோலால், கார்வெடிலால்) இதயத் துடிப்பை நிதானப்படுத்துகின்றன. மாரடைப்புக்குப் பிறகும், இதயம் பலவீனமானவர்களுக்கும், படபடப்புக்கும் தருவார்கள். இந்தக் குடும்பத்தை மட்டும் சட்டென்று நிறுத்தவே கூடாது. அடங்கியிருந்த துடிப்பு திரும்பிப் பாய்ந்து நெஞ்சு வலியும் மாரடைப்பும் வரலாம். ஊருக்குப் போகும்போது அட்டை தீர்ந்துவிட்டால் அன்றே வாங்கிக்கொள்ளுங்கள். ஆஸ்துமா இருப்பவர் அதை முன்பே சொல்ல வேண்டும்.

நீர் மாத்திரைகள் இரண்டு விதம். ஹைட்ரோகுளோரோதையசைடு, குளோர்தாலிடோன், இண்டபமைடு பிரஷருக்கு. ஃபுரோசமைடு போன்றவை இதயமோ சிறுநீரகமோ தளர்ந்து உடம்பில் கோத்த நீரை இறக்க. இவற்றைக் காலையில் போடுங்கள், இல்லாவிட்டால் இரவு தூக்கம் கெடும். ஸ்பைரோனோலாக்டோன் இன்னொரு வகை. அது பொட்டாசியத்தைத் தேக்கும். ஆண்களுக்கு மார்பு வீங்கி வலிக்கலாம்.

'ஸ்டாட்டின்' என்று முடிபவை கொழுப்புக்கு என்று சொல்வார்கள். கொழுப்பின் அளவு இயல்பாக இருப்பவருக்கும் எழுதுவார்கள், ஏனென்றால் ரத்தக்குழாய்ச் சுவரில் படிந்த கொழுப்புத் திட்டு உடையாமல் காப்பது இதன் முக்கியமான வேலை. "கொலஸ்ட்ரால் நார்மல் ஆகிவிட்டது, நிறுத்திவிட்டேன்" என்பது அடிக்கடி காதில் விழும் வாக்கியம். நார்மல் ஆனதே மாத்திரையால்தான். தசை வலி தாங்க முடியாமல் போனாலோ, சிறுநீர் கருத்து வந்தாலோ மருத்துவரிடம் ஓடுங்கள்.

ஆஸ்பிரினும் குளோபிடோகிரலும் ரத்தக்கட்டி உண்டாகாமல் தடுப்பவை. ஸ்டென்ட் (அடைத்த ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் சின்ன வலைக்குழாய்) வைத்தவர்கள் இவற்றைப் பல் பிடுங்குவதற்காகக்கூட தாமாக நிறுத்தக் கூடாது. ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும். மலம் தார் போலக் கருப்பாகப் போனால் வயிற்றில் ரத்தக் கசிவு என்று சந்தேகிக்க வேண்டும். இதய நோய் இல்லாதவர் "ரத்தம் இளகட்டும்" என்று தானாக ஆஸ்பிரின் தொடங்குவதும் வேண்டாம்.

நைட்ரோகிளிசரின், ஐசோசார்பைடு டைனைட்ரேட் ஆகியவை நெஞ்சு வலிக்கு நாக்கின் அடியில் வைப்பவை. உட்கார்ந்துகொண்டு வையுங்கள், நின்றால் மயங்கி விழலாம். தலை விண் விண் என்று வலிப்பது சகஜம். ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில் எடுத்த 24 மணி நேரத்துக்குள்ளும், டடாலாஃபில் எடுத்த 48 மணி நேரத்துக்குள்ளும் இவற்றை வைத்தால் பிரஷர் அபாயகரமாக இறங்கும். கூச்சத்தால் மறைக்கக் கூடாத விஷயம் இது.

ஐந்தாம் படி: சுகர் மருந்தும் இதய மருந்தும் மோதும் இடங்கள்

சர்க்கரை 70க்குக் கீழே போனால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், பசிக்கும், எரிச்சல் வரும், பேச்சு குழறும். இன்சுலின் போடுகிறவர்களுக்கும், கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கும் இது வரும். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்குப் பெரும்பாலும் வராது. சிக்கல் என்னவென்றால், 'லால்' மாத்திரைகள் நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும். வியர்வை மட்டும் மறையாது. ஆகவே இரண்டும் சேர்ந்து எடுப்பவருக்குக் காரணமில்லாமல் சில்லென்று வியர்த்தால் உடனே சுகர் பாருங்கள். கருவி இல்லையென்றால் இறங்கிவிட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள். 15 கிராம் குளுக்கோஸோ, மூன்று நான்கு தேக்கரண்டி சர்க்கரை கரைத்த தண்ணீரோ குடித்துவிட்டு 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. ஏறியதும் ஏதாவது சாப்பிடுங்கள். அகார்போஸ், வோக்லிபோஸ் (குடலில் சர்க்கரை உடைவதை மெதுவாக்கும் சுகர் மாத்திரைகள்) எடுப்பவர்களுக்குச் சாதாரணச் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும், அவர்களிடம் குளுக்கோஸே இருக்க வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. மூச்சுக்குழாயில் போய்விடும்.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் இரண்டும் சுகர் மாத்திரைகளாக வந்து இப்போது இதயச் செயலிழப்புக்கும் சிறுநீரக நோய்க்கும் தரப்படுகின்றன. சுகரே இல்லாதவர் சீட்டில் இவை இருந்தால் தவறு என்று நினைத்துவிடாதீர்கள். சர்க்கரையைச் சிறுநீரில் இறக்கிவிடுவதுதான் இவற்றின் வழி, அதனால் சிறுநீர்ப் பரிசோதனையில் சர்க்கரை இருப்பது எதிர்பார்த்ததே. பூஞ்சைத் தொற்று வராமல் அந்த இடத்தைச் சுத்தமாகவும் உலர்வாகவும் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆறாம் படி: மருந்தோடு எவை சேரக் கூடாது

மூட்டு வலிக்கென்று கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் போன்றவை பிரஷரை ஏற்றும். 'பிரில்' அல்லது 'சார்டன்', நீர் மாத்திரை, அதோடு இந்த வலி மாத்திரை என்று மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரென்று தடுமாறும். வலிக்கு என்ன எடுக்கலாம் என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. மூக்கடைப்புக்கான சில சளி மாத்திரைகளும் பிரஷரை ஏற்றும். ஸ்டீராய்டு சுகரை ஏற்றும்.

உப்பை ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழ் வைக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். சரி, உப்புக்குப் பதிலாக விற்கும் 'குறைந்த சோடியம்' உப்பைப் பயன்படுத்தலாமா? அதில் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு இருக்கும். 'பிரில்', 'சார்டன்', ஸ்பைரோனோலாக்டோன் எடுப்பவருக்குப் பொட்டாசியம் கூடினால் இதயத் துடிப்பே தடுமாறும். கேட்காமல் தொடாதீர்கள்.

மாத்திரைப் பெயருக்குப் பக்கத்தில் எக்ஸ்எல், எஸ்ஆர், ஈஆர் என்று இருந்தால் அது மெதுவாகக் கரைவதற்காகச் செய்தது. பொடித்தோ மென்றோ சாப்பிடக் கூடாது. ஒரு வேளை மறந்துவிட்டால், நினைவு வந்ததும் போடலாம், ஆனால் அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள். இரட்டிப்பாகப் போடுவது வேண்டாம்.

வாந்தி, வயிற்றுப்போக்கு, கடும் காய்ச்சல் என்று படுத்துவிட்டால் மெட்ஃபார்மின், 'கிளிஃப்ளோசின்', நீர் மாத்திரை, 'பிரில்', 'சார்டன்' ஆகியவற்றில் சிலவற்றைத் தற்காலிகமாக நிறுத்தச் சொல்வார்கள். எவற்றை என்பதை நன்றாக இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இன்சுலினை மட்டும் சாப்பிடவில்லை என்பதற்காக முழுவதும் நிறுத்திவிடக் கூடாது.

காத்திருக்கக் கூடாத நேரங்கள்

நெஞ்சை அழுத்தும் வலி, கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும் வலி என்றால் எல்லோருக்கும் புரியும். சர்க்கரை நோயாளிக்கு நரம்பு மந்தமாகியிருப்பதால் மாரடைப்பு வலியில்லாமலும் வரும். திடீர் மூச்சுத்திணறல், குளிர் வியர்வை, வாந்தி, சொல்லத் தெரியாத அசதி மட்டுமே இருக்கலாம். 'கேஸ் பிடித்திருக்கிறது' என்று ஒரு மணி நேரம் பார்ப்பது அந்த ஒரு மணி நேரத்தை இதயத் தசையிடமிருந்து பிடுங்குவதற்குச் சமம்.

முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தூக்க வராமல் விழுவது, பேச்சு குழறுவது பக்கவாதம். எப்போது தொடங்கியது என்ற நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், மருத்துவமனையில் முதலில் கேட்பது அதைத்தான். அப்போதே வீட்டில் பிரஷர் மாத்திரையைக் கூடுதலாகக் கொடுத்து இறக்கப் பார்க்காதீர்கள். பிரஷர் 180/120ஐத் தாண்டி, நெஞ்சு வலியோ பார்வைக் குறைவோ குழப்பமோ சேர்ந்திருந்தால் ஆம்புலன்ஸ். எண் மட்டும் கூடி வேறு தொந்தரவு இல்லையென்றால் ஐந்து நிமிடம் உட்கார்ந்து மறுபடி அளந்து பாருங்கள். அப்போதும் அப்படியே இருந்தால் அன்றே மருத்துவரிடம் பேசுங்கள். இந்த நிலையில் யாரும் தானாக வண்டி ஓட்டிக்கொண்டு போகக் கூடாது.